கூட்டல் கழித்தல் 64 ஆயிரம்

பூண்டி நீர்த்தேக்கத்தின் கரையில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்குச் சென்றவர்கள் அறிவார்கள்: அங்கே தங்கமும் இல்லை, செப்புத் திருமேனியும் இல்லை. இருப்பவை பெரும்பாலும் கற்கள்தாம். கோயிலும் கல்வெட்டும் தேடி அலையும் எங்கள் குழுவுக்கு அந்தக் கற்களின் முன் நின்றபோது சற்றே ஏமாற்றமாகக்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எழுத்தில்லை, அரசன் பெயரில்லை, ஆட்சியாண்டு இல்லை. பிறகு இதன் காலத்தை எங்கிருந்து எடுப்பது?

அத்திரம்பாக்கத்தின் இடைப் பழங்கற்காலக் கருவிகள் மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ஆண்டுகள் பழமையானவை என்று 2018 இல் செய்தித்தாள்களில் வந்ததை நாங்கள் அனைவரும் படித்திருந்தோம். அதை நினைவில் வைத்து எங்கள் குழுவின் இளைய நண்பர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "அதென்ன எண்பத்தைந்தாயிரம்? எண்பத்தாறாயிரமாக ஏன் இருக்கக்கூடாது?" சிரித்துவிட்டு நகர்ந்தோம். ஆனால் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. கல்வெட்டில் ஓர் எழுத்து 'ர'வா காலா என்று பக்கம் பக்கமாக விவாதிக்கும் நாம், ஓர் எண்ணை மட்டும் அப்படியே விழுங்கிவிடுவது என்ன நியாயம்?

அந்த எண்ணைத் தேடிப் போனபோது நாங்கள் சற்றும் எதிர்பாராத இடத்தில் போய் நின்றோம். கணிப்பொறி நிரல்களுக்குள் ஒளிந்திருக்கும் 'கன்வல்யூஷன்' என்னும் ஒரு கணக்குதான் அது. வரலாற்று வாசகருக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறோம்.

கல்லைக் கண்டவர்

இந்திய நிலப்பொதியியல் அளவாய்வுத் துறையில் 1858 இல் பணியில் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863 ஆம் ஆண்டு மே 30 ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். ஐரோப்பாவில் மனிதன் செதுக்கிய கற்கள் மிகத் தொன்மையானவை என்பதை அறிஞர்கள் ஏற்கத் தொடங்கியே அப்போது நான்கைந்து ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அந்தச் செய்திகளைப் படித்திருந்த கண்ணுக்குத்தான் பல்லாவரத்துச் சரளையில் கிடந்த கல் கருவியாகத் தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 28 ஆம் நாள், வில்லியம் கிங்குடன் கொற்றலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தை அடைந்தார். கைக்கோடரிகள் ஓடையின் கரைகளில் ஏராளமாகக் கிடந்தன. இந்தியத் தொல்பழங்கால ஆய்வு பிறந்த இடங்களில் ஒன்று இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக்குள் இருக்கிறது என்பதை அந்த மாவட்டத்தவரே எத்தனை பேர் அறிவார்கள்?

ஃபுட்டால் ஒன்றைச் சொல்ல முடிந்தது: எந்தப் படிவு மேலே, எந்தப் படிவு கீழே. கீழுள்ளது மூத்தது, மேலுள்ளது இளையது. வரிசை கிடைத்தது, ஆண்டு கிடைக்கவில்லை. அவருக்குப் பின் வந்த கம்மியேடு, பர்க்கிட், பேட்டர்சன், வி. டி. கிருஷ்ணசாமி ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆற்றின் படிநிலைகளையும் கருவிகளின் வடிவங்களையும் வைத்து இந்த வரிசையைச் செம்மைப்படுத்தினர். பின்னர் 1960களில் இந்தியத் தொல்லியல் துறையின் கே. டி. பானர்ஜி அங்கே அகழ்ந்தார். ஆண்டு என்னும் கேள்வி அப்போதும் திறந்தே கிடந்தது.

சர்மா மரபுக் கல்வி மையத்தின் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அங்கே மேற்கொண்ட அகழாய்வுதான் இதை மாற்றியது. 2011 இல் சயின்ஸ் இதழில் வெளியான கட்டுரை, அடிப்படிவுகளில் கிடைத்த அச்சூலியன் கைக்கோடரிகளின் சராசரி வயதை 15.1 லட்சம் ஆண்டுகள், கூட்டல் கழித்தல் 70 ஆயிரம் என்று சொன்னது. விண்கதிர்கள் குவார்ட்சைட்டுக் கல்லில் உண்டாக்கும் அலுமினியம் 26, பெரிலியம் 10 என்னும் இரு அணுக்களின் விகிதமே அங்கே கடிகாரம். தரைமேல் கிடக்கும் கல்லில் அவை ஏறத்தாழ 6.8க்கு 1 என்னும் விகிதத்தில் உண்டாகின்றன. மண்ணுக்குள் ஆழப் புதைந்ததும் உற்பத்தி பெரும்பாலும் நிற்கிறது. அலுமினியம் விரைவாகவும் பெரிலியம் மெதுவாகவும் சிதைவதால், ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த விகிதம் பாதியாகிறது.

அடுத்து 2018 இல் நேச்சர் இதழில் வந்தது எங்கள் நண்பரின் கேள்விக்கு மூலமான கட்டுரை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கருவிகளை ஆராய்ந்து, அத்திரம்பாக்கத்தில் இடைப் பழங்கற்காலம் 385 ± 64 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 172 ± 41 ஆயிரம் ஆண்டுகள் வரை நீடித்தது என்றது. செய்தித்தாள்கள் 385ஐ எடுத்துக்கொண்டன. 64ஐப் பெரும்பாலும் விட்டுவிட்டன. நம் கட்டுரையின் நாயகன் அந்த விடுபட்ட 64தான்!

மணல் வைத்திருக்கும் கணக்கு

மண்ணில் உள்ள ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மணிகளுக்கு ஒரு விந்தையான நினைவாற்றல் உண்டு. சுற்றியுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சினால் அவற்றின் படிகத்துக்குள் மின்னணுக்கள் சிறைப்படுகின்றன. வெயில் பட்டால் சிறை காலியாகிறது. புதைந்து இருளுக்குள் போனதும் மீண்டும் நிரம்பத் தொடங்குகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து அந்த மணலை வெளிச்சம் படாமல் எடுத்துச் சென்று, ஆய்வுக்கூடத்தில் ஒளியால் தூண்டினால், சிறைப்பட்டவை விடுபட்டு மெல்லிய ஒளி உமிழ்கின்றன. அந்த ஒளியிலிருந்து மணி வாங்கிய மொத்தக் கதிர்வீச்சை அறிந்து, ஆண்டுக்கு வாங்கும் கதிர்வீச்சால் வகுத்தால் வயது. அத்திரம்பாக்கத்து மணலை அளந்த குழுவில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அசோக் சிங்வியும் இருந்தார்.

சொல்வதற்கு எளிது. ஒளியின் அளவிலிருந்து கதிர்வீச்சின் அளவுக்குப் போவது எப்படி? அதே மணிக்கு ஆய்வுக்கூடத்தில் தெரிந்த அளவுகளில் கதிர்வீச்சு கொடுத்து, ஒவ்வொரு முறையும் ஒளியை அளந்து, புள்ளிகளை வரைபடத்தில் குறிக்கிறார்கள். அப்புள்ளிகளின் ஊடே ஒரு வளைகோட்டைப் பொருத்துகிறார்கள். பொதுவாக அது முதலில் விரைந்து ஏறி, பின் தளர்ந்து, கடைசியில் தட்டையாகும் ஒரு கோடு. ஏரி நிரம்புவது போலத்தான். மதகு மட்டத்தை எட்டிய பின் எவ்வளவு மழை பெய்தாலும் நீர்மட்டம் அதைச் சொல்லாது.

இங்கேதான் வம்பு. கோட்டின் வளைவைக் குறிக்கும் அளவை ஓர் 'அலகு' என்று கொள்வோம். மணி இரண்டு அலகு கதிர்வீச்சு வாங்கியிருந்தால் அது 86 விழுக்காடு நிரம்பியிருக்கும். அந்த இடத்தில் ஒளியை அளப்பதில் முழு நிரம்பலின் 3 விழுக்காடு பிழை என்றால், விடை கீழ்ப்பக்கம் 1.80 வரை இறங்கும், மேல்பக்கம் 2.25 வரை ஏறும். கீழே 0.20, மேலே 0.25. பிழை இரு பக்கமும் சமமாக இல்லை. இன்னும் நிரம்பிய மணியில் மேல்பக்கப் பிழை பெரிதாகிக்கொண்டே போகும். தட்டையான கோட்டில் வயதைத் தேடுவது, நிரம்பி வழியும் ஏரியைப் பார்த்துப் பெய்த மழையைச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இத்தனை படிகளிலும் பிழை நுழைகிறது. ஒளியில் ஒரு பிழை, கோட்டில் ஒரு பிழை, ஆண்டுக்கான கதிர்வீச்சில் ஒரு பிழை, மண்ணின் ஈரத்தை மதிப்பிடுவதில் ஒரு பிழை. இவற்றையெல்லாம் எப்படிச் சேர்ப்பது?

மைப்படியும் கன்வல்யூஷனும்

கல்வெட்டுக்கு மைப்படி எடுத்ததைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. கல்லில் உள்ள கீறல் கூர்மையானது. தாளில் வரும் கோடு அப்படியில்லை. ஒவ்வொரு புள்ளியும் சற்றே பரவுகிறது. ஒரு புள்ளி எப்படிப் பரவும் என்பது தெரிந்துவிட்டால், முழு எழுத்தும் தாளில் எப்படித் தோன்றும் என்று கணக்கிட்டுவிடலாம்: எழுத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அதே அளவு பரப்பி, எல்லாப் பரவல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் போதும். கன்வல்யூஷன் என்பது இவ்வளவுதான். ஓர் உருவத்தை இன்னோர் உருவத்தால் பரப்பிக் கூட்டுதல்.

பிழைகள் சேர்வதும் இப்படியே. 385 என்பது ஒரு புள்ளியன்று. 321க்கும் 449க்கும் இடையே கனத்து, இருபுறமும் மெலிந்து செல்லும் ஒரு மேடு. 172உம் அப்படியே ஒரு மேடு. இடைப் பழங்கற்காலம் அங்கே எத்தனை காலம் நீடித்தது என்று கேட்டால், ஒரு மேட்டின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மற்ற மேட்டின் ஒவ்வொரு புள்ளியையும் கழித்து, இரண்டின் வாய்ப்புகளையும் பெருக்கி, உரிய கட்டத்தில் இட்டுக் கூட்ட வேண்டும். இரண்டும் சீரான மணி வடிவ மேடுகளாகவும் ஒன்றையொன்று சாராதவையாகவும் இருந்தால் குறுக்கு வழி உண்டு: பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கலாம். 64இன் வர்க்கம் 4096, 41இன் வர்க்கம் 1681, கூட்டினால் 5777, அதன் மூலம் 76. ஆக இடைவெளி 213 ± 76 ஆயிரம் ஆண்டுகள். மேடு சாய்ந்திருந்தால் இக்குறுக்கு வழி பொய்க்கும். நிரம்பும் நிலையை நெருங்கிய மணிகளில் மேடு சாய்கிறது என்று மேலே பார்த்தோம். அப்போது கணிப்பொறியில் கட்டம் கட்டமாகச் செய்தே ஆக வேண்டும்.

நாங்களும் செய்து பார்த்தோம்! ஆயிரம் ஆண்டுக்கு ஒரு கட்டமாக இரு மேடுகளையும் வரிசைகளாக்கி ஒரு சிறு நிரல் எழுதினோம். முதல் முறை வந்த மேட்டின் பரப்பு ஒன்றாக இருப்பதற்குப் பதில் ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது. கட்டத்தின் அகலமான ஆயிரத்தால் பெருக்க மறந்திருந்தோம். இது கண்ணில் பட்டுவிட்டது. வளைகோடு பொருத்தும் நிரலுக்குள் இதே பிழை புகுந்தால் கண்ணில் படாது என்பதுதான் அச்சம். ஏனெனில் அங்கே உயரமும் ஒரு தேடப்படும் எண். நிரல் தானே ஆயிரம் மடங்கு உயர்த்திக்கொண்டு, கோட்டை அழகாகப் பொருத்திக் காட்டிவிடும்.

இரண்டாம் பிழை இன்னும் சுவையானது. பெருக்கல்களைக் குறைக்க 1965 இல் கூலியும் டியூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியர் முறையைப் பயன்படுத்தினோம். 512 கட்டங்கள் கொடுத்தோம். வந்த வரைபடத்தில் 213ஐச் சுற்றி மேடு சரியாக இருந்தது. ஆனால் கடைசிக் கட்டங்களில், ஐந்து லட்சம் ஆண்டுக்கு அருகில், ஒரு சிறு புடைப்பு! அம்முறை வரிசையை வட்டமாகக் கருதுகிறது. இடைவெளி சுழிக்குக் கீழே போகும் சிறு வாய்ப்பு இடப்பக்கம் வெளியேறி, வலப்பக்கம் வழியே உள்ளே வந்துவிட்டது. வரிசையை இருமடங்காக்கிக் காலிக் கட்டங்களில் சுழிகளை இட்டதும் புடைப்பு மறைந்தது. காலத்தை வட்டமாகக் கருதும் நிரலை வைத்துக்கொண்டு வரலாறு எழுதக்கூடாது என்று நண்பர் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறோம்.

பரவியதைச் சுருக்காதே

வளைகோடு பொருத்துவோரிடம் ஒரு பழைய விதி உண்டு. கருவி ஓர் ஒளியைப் பரப்பிக் காட்டினால், அளந்த தரவிலிருந்து அந்தப் பரவலை உரித்தெடுக்க முயலாதே. உரிக்கும்போது தரவில் உள்ள சிறு சலனங்களெல்லாம் பேருருவம் கொள்ளும். மாறாக, உண்மை இப்படி இருந்திருக்கலாம் என்று ஒரு கோட்டை ஊகி. அந்தக் கோட்டைக் கருவி பரப்பும் அளவுக்குப் பரப்பு. பரப்பியதைத் தரவோடு ஒப்பிடு. பொருந்தாவிட்டால் ஊகத்தைத் திருத்து. லெவன்பர்க் 1944 இலும் மார்க்குவார்ட் 1963 இலும் தந்த திருத்தும் முறையே இன்றும் பல நிரல்களில் ஓடுகிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு கன்வல்யூஷன். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அதிவிரைவு நிகழ்வுகளுக்கான தேசிய மையத்தில், நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் மறையும் ஒளிகளை அளப்பவர்கள் செய்வதும் இதைத்தான். திருவள்ளூர் மாவட்டத்தின் மறுகோடியில், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளின் உருக்காலைகளில் இரும்பின் கலவையைத் தீப்பொறியின் நிறமாலையால் சோதிக்கிறார்களே, அந்த நிறக்கோடுகளின் வடிவமும் இருவகைப் பரவல்களின் கன்வல்யூஷன்தான். ஃபோக்ட் என்னும் ஜெர்மானியரின் பெயரால் அது வழங்குகிறது.

கல்வெட்டு வாசிப்பிலும் நல்ல ஆசிரியர்கள் இதையே கற்பித்தார்கள் அல்லவா? சிதைந்த எழுத்தை உற்று உற்றுப் பார்த்துத் தெளிவாக்கிவிட முடியாது. இங்கே 'கோ' இருந்திருந்தால் சிதைந்தபின் எப்படித் தோன்றும், 'கா' இருந்திருந்தால் எப்படித் தோன்றும் என்று எண்ணி ஒப்பிடுவதே வழி.

இக்கணக்கில் தமிழகத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் பணியாற்றி, கொலாஜனின் முச்சுருள் வடிவைக் கண்டறிந்த ஜி. என். ராமச்சந்திரன், 1971 இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து ஒரு பொருளின் உட்புறத்தை மீட்டெடுக்க, ஃபூரியர் மாற்றங்களுக்குப் பதிலாக நேரடியாகக் கன்வல்யூஷனையே பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967 இலேயே இதே வழியைக் கண்டிருந்தனர். அதே 1971 அக்டோபரில்தான் லண்டனில் முதல் நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் ஆகிய இருவர் பெயராலும் வழங்கும் 'ராம்-லக்' வடிகட்டி இன்றும் அத்துறைப் பாடநூல்களில் உள்ளது.

64 நமக்குச் சொல்வது

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். 386 ஆக இருக்கலாமா? தாராளமாக. 350 ஆகவும் இருக்கலாம், 430 ஆகவும் இருக்கலாம். அப்படியானால் இந்த எண்ணால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. இரண்டு கூற்றுகளை இந்த எண்ணைக் கொண்டே சோதித்துப் பார்ப்போம்.

முதல் கூற்று: இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம், ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முன்னரோ அதற்குப் பின்னரோ ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய நவீன மனிதரால்தான் இந்தியாவுக்கு வந்தது என்னும் பழைய கருத்துக்கு அத்திரம்பாக்கம் முரணானது. 385இலிருந்து இருமடங்கு பிழையான 128ஐக் கழித்தாலும் 257. அது 125ஐ விட இருமடங்குக்கும் மேல். கூற்று நிற்கிறது.

இரண்டாம் கூற்று: மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த, நம் இனத்தின் மிகப் பழைய எச்சங்களாகக் கருதப்படுபவற்றுக்கு 2017 இல் அறிவிக்கப்பட்ட வயது 315 ± 34 ஆயிரம், ஆகவே அத்திரம்பாக்கம் அதனினும் மூத்தது. மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். கணக்கு என்ன சொல்கிறது? வித்தியாசம் 70. பிழை, 64இன் வர்க்கமும் 34இன் வர்க்கமும் சேர்ந்து, 72. வித்தியாசத்தை விடப் பிழை பெரிது! ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு இதற்கு நேர் எதிராக இருக்கிறது. கூற்று நிற்கவில்லை. போதாததற்கு, அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு ஏதும் கிடைக்கவில்லை. கருவிகளைச் செய்த கைகள் எந்த இனத்துடையவை என்று கருவிகளே சொல்லா.

ஆக, 64 என்பது ஆய்வாளர்களின் தயக்கம் அன்று. எந்தக் கூற்றை அந்தக் கல் தாங்கும், எதைத் தாங்காது என்று அளந்து சொல்லும் அளவுகோல் அது. அதைச் செய்தியிலிருந்து நீக்கும்போது நாம் நீக்குவது அந்த அளவுகோலைத்தான். பிறகு இரண்டு கூற்றுகளும் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றைப் பின்னொரு நாள் யாரேனும் மறுக்கும்போது மற்றதன் மீதும் ஐயம் படியும்.

மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 இல் அறிவிக்கப்பட்டபோது ஊரெங்கும் அந்த ஒற்றை ஆண்டே ஒலித்தது. கரிமக் காலக்கணிப்பு எதுவும் ஒற்றை ஆண்டைத் தருவதில்லை. அளவீட்டின் பிழையையும், மர வளையங்கள் முதலியவற்றால் அமைந்த திருத்தக் கோட்டின் பிழையையும் ஒன்றின்மேல் ஒன்று பரப்பித்தான் அங்கும் விடை வருகிறது. அந்த விடை எப்போதும் ஒரு நெடுக்கம். தமிழரின் தொன்மையில் பெருமை கொள்வோர் அந்த நெடுக்கத்தைச் சேர்த்தே சொல்லிப் பழக வேண்டும் என்பது எங்கள் பணிவான வேண்டுகோள். பெருமை அதனால் குறையாது. மறுப்பவருக்கு வேலைதான் கூடும்.

சில வாரங்கள் கழித்து எங்கள் இளைய நண்பர் மீண்டும் பூண்டிக்குப் போய் வந்தார். இம்முறை பள்ளிச் சிறுவர்கள் சிலர் வந்திருந்தார்களாம். அவர்களில் ஒருவன் "இது எத்தனை வருஷம் பழசுண்ணா?" என்று கேட்டிருக்கிறான். "அத்திரம்பாக்கத்து மணல் சொல்றது மூணு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம், கூட்டல் கழித்தல் அறுபத்து நாலாயிரம்" என்றாராம் இவர். சிறுவன் சற்று யோசித்து, "கழிச்சாலும் நெறைய இருக்குதே!" என்றானாம்.

அதைத்தான் நாங்கள் இத்தனை பத்திகளில் சொல்ல முயன்றோம்.